வெஸ்ட் நைல் வைரஸ்: பறவைகளின் நோயில் மனிதன் மாட்டிக்கொள்வது எப்படி?

கொசுவால் வரும் நோய் எது என்று கேட்டால் டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா என்று நம் ஊரில் யாரும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். வயதானவர்கள் யானைக்காலையும் சேர்த்துக்கொள்வார்கள். ஊருக்குள் இவை பரவும் விதம் ஒன்றுதான்: நோயாளியைக் கடித்த கொசு இன்னொருவரைக் கடிக்கிறது, அவர் படுத்துவிடுகிறார். மனிதன், கொசு, மறுபடியும் மனிதன். ஒரு தெருவில் ஒருவருக்கு டெங்கு என்று தெரிந்ததும் சுகாதாரத் துறையினர் அந்த வீட்டைச் சுற்றிப் புகை அடிப்பது இதனால்தான்.

வெஸ்ட் நைல் வைரஸ் இந்தக் கணக்கில் அடங்காது. அது பறவைகளுடையது. பறவை, கொசு, மறுபடியும் பறவை என்று தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாளைக்கே உலகில் மனிதர் ஒருவரும் இல்லாமல் போனாலும் அதற்கு எந்த நட்டமும் கிடையாது. அந்தச் சுற்றிலிருந்து தவறி வந்து கடிக்கும் கொசுவால்தான் நமக்கும் குதிரைக்கும் நோய் வருகிறது. வந்தபின் நம்மிடமிருந்து அது வேறு கொசுவுக்குப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் வரிசையாக விளங்கிவிடும். மனிதனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் நியூயார்க் நகரமே சாட்சி. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வைரஸ். ஃபிளேவிவைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் வைரஸ்கள் எல்லாம் இதன் பங்காளிகள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் மிக நெருங்கிய பங்காளி. ரத்தப் பரிசோதனையில் ஒன்றை மற்றொன்றாகக் காட்டிக் குழப்பும் அளவுக்கு நெருக்கம். உருண்டையான துகள், குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபதாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். உள்ளே ஒற்றை இழை ஆர்என்ஏ, ஏறத்தாழ 11,000 எழுத்துகள். அதில் பத்தே பத்துப் புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. இவ்வளவு சிறிய மூலதனத்தை வைத்துக்கொண்டு கொசுவின் உடலிலும் காகத்தின் உடலிலும் மனித மூளையிலும் அதனால் பெருக முடிகிறது.

கண்டுபிடிக்கப்பட்டது தற்செயலாக. 1937இல் உகாண்டாவின் எண்டெபே நகரில் இருந்த மஞ்சள் காய்ச்சல் ஆய்வு நிலையத்தார், அந்நாட்டின் வடக்கே வெஸ்ட் நைல் என்ற மாவட்டத்தில் மஞ்சள் காய்ச்சலைத் தேடி ரத்த மாதிரிகள் எடுத்தார்கள். ஒமோகோ என்ற ஊரைச் சேர்ந்த, காய்ச்சல் கண்டிருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தை எலிகளின் மூளையில் செலுத்தியபோது தேடிவந்த வைரஸுக்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. மூளையைத் தாக்கும் புதிய வைரஸ். மாவட்டத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. அந்த நிலையத்தின் ஆய்வாளர் ஸ்மித்பர்னும் உடன் பணியாற்றியவர்களும் 1940இல் அதைப் பற்றி எழுதினார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் எகிப்தில் நைல் கரையோரக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள் இது பறவைகளுக்கும் கியூலெக்ஸ் கொசுக்களுக்கும் இடையே சுழலும் வைரஸ் என்பதைத் தெளிவாக்கிவிட்டன. எகிப்தில் ஆய்வு செய்தவர்கள் அப்போதே கையில் எடுத்த பறவைகளில் காகமும் ஒன்று. பின்னாளில் அமெரிக்கர்கள் அதைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

சாக்கடையில் மிதக்கும் தெப்பம்

கியூலெக்ஸ் நமக்குப் புதிதல்ல. இரவில் விளக்கை அணைத்ததும் காதோரம் வந்து ரீங்காரமிடும் பழுப்பு நிறக் கொசு அதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்குவிஃபேசியேடஸ் நம் ஊர்ச் சாக்கடைகளின் நிரந்தரக் குடிமகள். வெஸ்ட் நைலைச் சுமக்கும் கொசுக்களின் பட்டியலில் அவள் பெயர் உண்டு. குளிர் நாடுகளில் அவளுடைய நெருங்கிய உறவான கியூலெக்ஸ் பிபியன்ஸ் அந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி வயல்களில் கியூலெக்ஸ் டார்சாலிஸ்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் சுத்தமான தண்ணீரைத் தேடிப் போகும்; தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, டயர். கியூலெக்ஸுக்கு அழுக்குத்தான் விருப்பம். கறுத்துத் தேங்கிய கழிவுநீர்க் குட்டையின் ஓரத்தில் விடிகாலையில் குனிந்து பார்த்தால் கரித்தூள் நிறத்தில், அரிசி மணியைவிடச் சற்றுச் சிறியதாக ஏதோ மிதப்பது தெரியும். அது ஒரு பெண் கொசு இரவில் இட்ட முட்டைகளின் தெப்பம். நூறு முதல் இருநூறு, சில சமயம் அதற்கும் மேற்பட்ட முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி நிமிர்த்தி நிறுத்தி வைத்திருப்பாள். விரலால் தொட்டால் நனையாமல் நழுவும். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு நாளில் புழுக்கள் வெளிவந்து, வால் பக்கத்து மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் பொருத்திக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். நிழல் பட்டால் போதும், துள்ளிக் குதித்து அடிக்குப் போய்விடும். மேலும் ஒரு வாரம் பத்து நாளில் கொசு தயார்.

இந்தக் கொசு மாலை மயங்கியபின் கடிப்பது, விடியும்வரை கடிப்பது. அந்த நேரத்தில் கிளைகளில் அசையாமல் உறங்கிக்கொண்டிருப்பவை பறவைகள். கண்ணைச் சுற்றி, அலகின் அடியில், காலில் இறகில்லாத இடம் நிறைய. கியூலெக்ஸில் பல வகைகள் பறவை ரத்தத்தையே அதிகம் நாடுகின்றன. ஆனால் பறவையோடு நின்றுவிடுவதும் இல்லை. வைரஸுக்கு வேண்டிய பாலம் அங்கேதான் கிடைக்கிறது.

நோயுற்ற பறவையின் ரத்தத்தைக் குடித்த கொசு உடனே யாருக்கும் நோயைத் தந்துவிடாது. வைரஸ் கொசுவின் குடல் சுவரைத் துளைத்து உடலுக்குள் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். வெப்பம் கூடினால் இந்தக் காலம் சுருங்கும், குளிரில் நீளும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதால் இரண்டு மூன்று நாள் வித்தியாசம்கூட மிகப் பெரியது. கடும் கோடைகளில் இந்த நோய் வெடிப்பதற்கு இது முக்கியக் காரணம். உமிழ்நீரில் வைரஸ் சேர்ந்துவிட்டால் சாகும்வரை அந்தக் கொசு ஒவ்வொரு கடியிலும் அதைப் பரப்பும்.

மழை பெய்தால் கொசு பெருகும் என்பது நம் பொது அறிவு. இந்த வைரஸ் விஷயத்தில் வறட்சியும் ஒரு வினை. நல்ல மழை சாக்கடையை அடித்துக்கொண்டு போய்விடும். மழை பொய்த்தால் கழிவுநீர் அங்கேயே தேங்கிக் கெட்டியாகும். எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு நீர்நிலைகளில் பறவைகளும் கொசுக்களும் ஒருசேரக் கூடும்.

எண்ணிக்கையில் இருக்கிறது சூட்சுமம்

நம்மிடமிருந்து ஏன் மற்றவருக்குப் போவதில்லை என்பதற்கு வருவோம். ஒரு கடியில் கொசு குடிக்கும் ரத்தம் தோராயமாக மூன்று மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அமெரிக்கக் காகம் ஒன்றுக்கு வெஸ்ட் நைல் வந்துவிட்டால் அதன் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு நூறு கோடி வைரஸ்வரை இருக்கும். அதற்கு மேலும் போவதுண்டு. அப்படியானால் ஒரு கடியில் கொசுவுக்குள் போவது முப்பது லட்சம். மனித ரத்தத்தில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம்தான். கொசுவுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து துகள். குடல் சுவரைத் தாண்ட அது போதவே போதாது. ஆகவே மனிதனிடம் வந்த வைரஸ் அங்கேயே முடங்கிப்போகிறது. குதிரைக்கும் இதே நிலைதான். நாமும் குதிரையும் இந்த வைரஸின் பாதையில் முட்டுச்சந்துகள்.

எல்லாப் பறவைகளும் ஒரே மாதிரி இல்லை. காகம், நீல ஜே, வீட்டுச் சிட்டுக்குருவி போன்றவற்றின் ரத்தத்தில் வைரஸ் கொழிக்கும். கோழிக்கும் வான்கோழிக்கும் தொற்று வரும். ஆனால் வைரஸ் அளவு மிகக் குறைவு, நோயும் தெரியாது. வைரஸை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் உருவாகும். ஃபுளோரிடா, கலிபோர்னியா மாநிலங்களில் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள். கொசு நடமாட்டம் உள்ள இடங்களில் கூண்டுகளில் கோழி வளர்த்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கோழியிடம் எதிர்ப்பொருள் தென்பட்டால் அந்த வட்டாரத்தில் வைரஸ் நடமாடுகிறது என்று பொருள். கோழிக்கு ஒன்றும் ஆகாது. மனிதர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலும் அதை ஒட்டிய மேரிலாந்திலும் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்குள்ள கியூலெக்ஸ் பிபியன்ஸ் கொசுக்கள் யார் ரத்தத்தைக் குடித்திருக்கின்றன என்று வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் அமெரிக்க ராபின் என்ற பறவையைத்தான் அவை மிக அதிகமாக, விழுந்து விழுந்து கடித்திருக்கின்றன. அத்தனைக்கும் அந்த வட்டாரப் பறவைகளில் ராபின் சிறு பங்குதான். கோடையின் பிற்பகுதியில் கூடுகட்டும் காலம் முடிந்து ராபின்கள் கலைந்து போய்விடுகின்றன. கொசுவுக்குப் பசி இருக்கிறது, பழகிய உணவு இல்லை. அப்போது மனிதர்கள் பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் கொசுக்களிடம் வைரஸும் உச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் மனித நோயாளிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பறவை ஊரைவிட்டுக் கிளம்பினால் மருத்துவமனையில் கூட்டம் கூடுகிறது என்பதை எந்த மருத்துவப் பாடத்தில் போய்த் தேடுவது?

மனிதருக்கு என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தொற்று வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு எந்த அறிகுறியும் இராது; வந்து போனது அவர்களுக்கே தெரியாது. மற்றவர்களுக்குக் கடித்த இரண்டு முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வாந்தி, சிலருக்குத் தோலில் தடிப்பு. சில நாட்களில் சரியாகும், அசதி மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும்.

பயப்பட வேண்டியது 150 பேரில் ஒருவருக்கு வரும் நிலைமை. வைரஸ் மூளைக்கோ, மூளை உறைக்கோ, தண்டுவடத்துக்கோ போய்விடும். கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், நடுக்கம், வலிப்பு, நினைவிழத்தல். சிலருக்குப் போலியோவில் வருவதைப் போல ஒரு கையோ காலோ திடீரென்று துவண்டுபோகும். இந்த நிலைக்குப் போனவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். பிழைப்பவர்களில் பலருக்கு பலவீனமோ மறதியோ நெடுநாள் தங்கிவிடுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டு நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், புற்றுநோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல்.

வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. ஆன்டிபயாடிக் பயன்படாது. காய்ச்சலைத் தணிப்பது, நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பது, மூச்சுத் திணறினால் வென்டிலேட்டர் வைப்பது என்று உடல் தானாக மீளும்வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. இதைக் கேட்டால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஆனால் காரணம் இருக்கிறது. இந்த நோய் அடுத்து எந்த ஊரில், எந்த ஆண்டில் தலைதூக்கும் என்று யாருக்கும் தெரியாது. எங்கே போய் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்ப்பது? அவ்வளவு செலவு செய்தபின் யார் வாங்குவார்கள் என்ற கணக்கும் மருந்து நிறுவனங்களுக்கு உண்டு.

நியூயார்க், 1999

1999 ஆகஸ்ட் மாதம் 23ஆம் தேதி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஃபிளஷிங் மருத்துவமனையில் தொற்றுநோய் நிபுணராக இருந்த டெபோரா ஆஸ்னிஸ், நகர சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்தார். தன்னிடம் இரண்டு முதியவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், குழப்பம், அதோடு விளங்காத தசைத் தளர்ச்சி. மூளைக்காய்ச்சல் போலிருக்கிறது, ஆனால் வழக்கமானது இல்லை என்றார். பெருநகரத்தின் மருத்துவமனை ஒன்றில் ஆண்டு முழுவதும் காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரண்டே நோயாளிகளை வைத்துச் சந்தேகப்பட்டுத் தொலைபேசியை எடுத்தாரே, அது பெரிய காரியம்.

சுகாதாரத் துறையினர் தேடியபோது அக்கம்பக்கத்து மருத்துவமனைகளிலும் இப்படிச் சிலர் படுத்திருந்தார்கள். எல்லோரும் வடக்குக் குவீன்ஸில் ஒரு சிறு வட்டாரத்துக்காரர்கள். மாலை வேளைகளில் வீட்டுக்கு வெளியே உட்காரும், தோட்ட வேலை செய்யும் பழக்கம் உள்ளவர்கள். கொசு மேல் சந்தேகம் விழுந்தது. மாதிரிகள் நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போயின. அமெரிக்காவில் ஏற்கெனவே அறியப்பட்ட கொசு வைரஸ்களுக்கான சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று விடை வந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி அறிவித்தும்விட்டார்கள். ஹெலிகாப்டரில் கொசு மருந்து தெளிக்கப்பட்டது.

அதே வாரங்களில் அதே நகரத்தில் காகங்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்ஸ் உயிரியல் பூங்காவின் நோய்க்கூறியல் மருத்துவர் டிரேசி மெக்நமாராவின் மேசைக்கு அவை வந்தன. பிறகு பூங்காவின் சொந்தப் பறவைகளே விழ ஆரம்பித்தன: நீர்க்காகம், பூநாரை, வண்ணக்கோழி, ஒரு வெண்டலைக் கழுகு. அறுத்துப் பார்த்தால் மூளையில் ரத்தக் கசிவும் இதயத்தில் அழற்சியும். அவர் கணக்குப் போட்ட விதம் துப்பறிவாளருக்கு உரியது. பூங்காவில் இருந்த கோழிகளும் வான்கோழிகளும் நலமாக இருந்தன. ஆகவே பறவைக் காய்ச்சலும் இல்லை, ராணிக்கெட் நோயும் இல்லை. ஈமு கோழிகள் நலமாக இருந்தன. ஆகவே ஈமுக்களை வாரிக்கொண்டு போகும் கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சலும் இல்லை. மிச்சம் செயின்ட் லூயிஸ். ஆனால் செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளிடம் வாழுமே தவிர அவற்றைக் கொல்வதில்லை. இங்கே பறவையும் சாகிறது, மனிதரும் சாகிறார். அப்படியானால் மனிதர்களுக்குச் சொல்லப்பட்ட விடையே தவறாக இருக்க வேண்டும்.

அவர் சொன்னது எடுபடச் சில வாரங்கள் ஆயின. மனிதரைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், விலங்குகளைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். இருவரும் கலந்து பேச ஏற்பாடே இல்லை. மெக்நமாராவின் மாதிரிகள் அயோவா மாநிலத்தில் உள்ள தேசியக் கால்நடை ஆய்வகத்துக்கும், அங்கிருந்து மற்ற ஆய்வகங்களுக்கும் போய், செப்டம்பர் இறுதியில்தான் உண்மை வெளியே வந்தது. வெஸ்ட் நைல். அதுவரை மேற்கு அரைக்கோளத்தில் யாரும் கண்டிராத வைரஸ். நெருங்கிய பங்காளிகளைப் பிரித்தறியாத எதிர்ப்பொருள் சோதனை எல்லோரையும் ஏமாற்றியிருந்தது. நல்ல வேளையாக இரண்டு நோய்களையும் பரப்புவது கியூலெக்ஸ்தான் என்பதால், தவறான பெயருக்கு அடித்த கொசு மருந்து வீணாகவில்லை. அந்த ஆண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேர் பாதிக்கப்பட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். மருத்துவத் துறையும் கால்நடைத் துறையும் பேசிக்கொள்ளாததைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு மறு ஆண்டே ஓர் அறிக்கை எழுதியது.

வைரஸின் மரபணு, 1998இல் இஸ்ரேலில் ஒரு வாத்தினப் பறவையிடம் எடுத்த வைரஸோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. கடல் தாண்டி வந்தது விமானத்தில் ஏறிய கொசுவா, கூண்டில் வந்த பறவையா என்பது இன்றுவரை தீராத கேள்வி.

பனிக்காலம் வந்தால் கொசு செத்துவிடும், வைரஸும் ஒழிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2000இன் தொடக்கத்தில் குவீன்ஸின் பாதாளக் கட்டடங்களில் உறைபனிக்கு ஒதுங்கி உறங்கிக்கொண்டிருந்த கொசுக்களைப் பிடித்துச் சோதித்தபோது வைரஸ் அவற்றில் பத்திரமாக இருந்தது. அதன் பிறகு தடுத்து நிறுத்த முடியவில்லை. நான்கே ஆண்டுகளில் பசிபிக் கரையை எட்டிவிட்டது. 2003இல் மட்டும் அமெரிக்காவில் 9,862 நோயாளிகள், 264 மரணங்கள். 2012இல் டெக்சாஸை மையமாகக் கொண்டு மறுபடியும் வெடித்தபோது நாடு முழுவதும் 286 பேர் இறந்தார்கள்.

பறவைகளின் கணக்கு இதைவிடக் கொடியது. அந்தக் கண்டத்துப் பறவைகளுக்கு இந்த வைரஸ் அறிமுகமே இல்லாதது. முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களில் இறந்த பறவைகளிடம் வைரஸ் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் தொற்று ஏற்றப்பட்ட அமெரிக்கக் காகங்களில் அநேகமாக ஒன்றும் தப்பவில்லை. சில வட்டாரங்களில் காகங்களின் எண்ணிக்கை பாதிக்கு நெருக்கமாகச் சரிந்தது. அழிவின் விளிம்பில் இருந்த கலிபோர்னியா காண்டார் கழுகுகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட்டார்கள். குதிரைகளில் 2002ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 15,000க்கு நோய் வந்தது. நோய் கண்டவற்றில் மூன்றில் ஒரு பங்கு இறந்தன. ஜார்ஜியா மாநிலத்தின் முதலைப் பண்ணை ஒன்றில்கூட முதலைகள் செத்தன. அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த குதிரை இறைச்சியில் வைரஸ் இருந்திருக்கிறது.

கொசு இல்லாமலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு இது போகக்கூடும் என்பது 2002இல் தெரிந்தது. விபத்தில் இறந்த ஒருவரின் உறுப்புகளைப் பெற்ற நால்வருக்கும் வெஸ்ட் நைல் வந்தது. அந்த விபத்துக்குள்ளானவருக்கு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் வைரஸ் இருந்திருக்கிறது. கொசுவின் மூன்று மைக்ரோலிட்டருக்குப் போதாத வைரஸ், முந்நூறு மில்லிலிட்டர் ரத்தப் பைக்குப் போதுமானதாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு முதல் அமெரிக்காவில் தானமாகப் பெறும் ரத்தத்தை இந்த வைரஸுக்காகவும் சோதிக்கிறார்கள். இதைத் தவிர, தொடுவதாலோ இருமுவதாலோ, வேகவைத்த கோழியைச் சாப்பிடுவதாலோ இது வராது.

நம் பக்கத்தில்

இந்தியாவுக்கு இது அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்பே வந்துவிட்டது. 1950களின் தொடக்கத்திலேயே பம்பாய் மக்களின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் வேலூர், கோலார் மாவட்டங்களில் நோயாளிகளிடம் ரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. வேலூர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும்: இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதும் அந்தப் பகுதியில்தான், 1955இல். வயலும் கொக்கும் கியூலெக்ஸும் சேர்ந்திருக்கும் இடத்தில் இரண்டு பங்காளிகளும் சேர்ந்தே குடியிருக்கிறார்கள். ஒரு வேறுபாடு: ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றியும் வைரஸைப் பெருக்கித் தரும், வெஸ்ட் நைலில் பன்றிக்கு அந்தப் பங்கு இல்லை.

அண்மைக் காலத்தில் கேரளம்தான் அடிக்கடி செய்தியில் வருகிறது. 2011இல் ஆலப்புழை மாவட்டத்தில் மூளைக்காய்ச்சல் பரவியபோது நோயாளிகளிடம் இந்த வைரஸ் உறுதியானது. 2019 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் இறந்தான். 2022 மே மாதம் திருச்சூரில் 47 வயதுக்காரர் ஒருவர். 2024 மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம், திருச்சூர் மாவட்டங்களில் நோயாளிகள் தென்பட்டதும் மாநிலம் முழுவதும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

கேரளத்தில் மட்டும் ஏன் என்று கேட்டால், அங்கே தேடுகிறார்கள் என்பது விடையில் ஒரு பாதி என்பேன். நம் நாட்டில் மூளைக்காய்ச்சலோடு வரும் பலருக்குக் கடைசிவரை காரணம் தெரிவதில்லை. டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் ஏற்கெனவே பரவியிருக்கும் மக்களிடம் எதிர்ப்பொருள் சோதனை குழம்பும். நியூயார்க்கில் குழம்பியது இங்கே குழம்பாமல் இருக்குமா? ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைத் தேடுவது முதல் படி. அது சரிதானா என்று உறுதிப்படுத்த, நோயாளியின் ரத்தம் உயிருள்ள வைரஸைச் செயலிழக்க வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை தேவை. அதைப் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற சில இடங்களில்தான் செய்ய முடியும்.

நம் காகங்கள் அமெரிக்கக் காகங்களைப் போலக் கூட்டமாகச் சாவதாகக் காணோம். பழைய உலகத்துப் பறவைகள் இந்த வைரஸோடு நெடுங்காலம் பழகியவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆனாலும் ஒரே இடத்தில் நாலைந்து காகங்கள் செத்துக் கிடந்தால் அலட்சியம் கூடாது. பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லிவிடுவது நல்லது.

தற்காப்பு பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்கு பிரசாரத்தால் நம் கவனம் முழுவதும் மாடித் தொட்டிக்கும் தேங்காய்ச் சிரட்டைக்கும் போய்விட்டது. கியூலெக்ஸ் வளர்வது கழிவுநீரில். வீட்டின் செப்டிக் டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். வாய் திறந்திருந்தால் இரவெல்லாம் கொசு அதன் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய நைலான் வலைத் துணி ஒரு சாண், கட்டக் கொஞ்சம் கம்பி, வேலை முடிந்தது. டேங்க் மூடியின் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைக்கலாம். வடிகாலில் நீர் ஓடாமல் நின்றால் உள்ளாட்சியிடம் ஓயாமல் புகார் சொல்லலாம்.

காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, பேச்சில் குழறலோ, புதிய மனக்குழப்பமோ, ஒரு கை கால் துவண்டுபோவதோ கண்டால், வீட்டில் வயதானவர் என்றால் குறிப்பாக, அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேரளத்துக்கோ, நோய் பரவும் வேறு ஊருக்கோ அண்மையில் போய் வந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.